எங்கள் வீட்டில் இளைத்தவர் யார்?

என் மனைவியின் எடையைக் குறைத்தே தீருவது என்று நான் சபதம் எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எடுத்த இடம், எங்கள் கட்டடத்தின் மாடிப்படி. அதுவும் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில், மூச்சு வாங்கிக்கொண்டே.

லிஃப்ட் இருக்கிற கட்டடத்தில் ஏன் படியேறினாய் என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே ஏற்றி இறக்குகிறவன். வீட்டில் மட்டும் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அன்றைக்கு நாங்கள் மூவரும் வெளியே போய்விட்டுத் திரும்பினோம். லிஃப்ட்டுக்குள் எதிர்வீட்டு நர்ஸ் அக்கா இருந்தார். மேல்வீட்டு வக்கீல் இருந்தார். வக்கீலைவிட உயரமாக, அட்டைப்பெட்டியோடு, அவர் வாங்கிய புது ஃப்ரிட்ஜும் இருந்தது. நான் ஏறினேன். எங்கள் பெண் குட்டி ஏறினாள். கடைசியாக என் மனைவி கால் வைத்தாள்.

‘பீ...’ என்று அலறியது லிஃப்ட்.

காலை எடுத்தாள். அலறல் நின்றது. மறுபடி வைத்தாள். மறுபடி ‘பீ...’

வக்கீல் ஃப்ரிட்ஜைப் பார்க்கவில்லை. என் மனைவியைப் பார்த்தார்.

“லிஃப்ட்ல ஏதோ கோளாறு” என்றாள் மனைவி.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். வேறு எந்தத் தொழிலில் இருந்திருந்தாலும் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். “கோளாறா? போன வாரம்தான் நானே சென்சார் மாத்தினேன். கரெக்டாத்தான் சொல்லும்!” என்றேன்.

நர்ஸ் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்காரர். விபத்து வரும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

படியேறினோம். முதல் மாடி வரை அவள் பேசவில்லை. இரண்டாவது மாடியிலும் பேசவில்லை. மூன்றாவது மாடியில் பெருமூச்சு விட்டாள். அது மேல்மூச்சா, கோபமா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் சமாதானம் செய்வது நல்லது.

“கவலைப்படாதே. இனிமே உன் எடையைக் குறைக்கிறது என் பொறுப்பு.”

நின்றாள். “என் எடை, உங்க பொறுப்பா?”

“ஆமா.”

“முழுப் பொறுப்பா?”

“முழுப் பொறுப்பு.”

“குட்டி, அப்பா சொன்னதைக் கேட்டியா?”

“கேட்டேம்மா.”

மேல்வீட்டு வக்கீல்கூட இவ்வளவு சீக்கிரம் சாட்சி பிடித்திருக்கமாட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வேலையை ஆரம்பித்தேன். எங்கள் தொழிலில் முதல் வேலை, கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது. மனைவியை எதிரே உட்கார வைத்தேன்.

“எப்போலேருந்து ஏற ஆரம்பிச்சுது?”

“உங்களைக் கல்யாணம் பண்ணிக்கிட்டதிலேருந்து.”

“விளையாடாதே.”

“நான் எங்கேங்க விளையாடறேன்? கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வேலை பார்த்தேன்?”

“துணிக்கடையில.”

“உட்கார்ந்தா?”

“நின்னு.” எனக்குத் தெரியாதா? அந்தக் கடை லிஃப்ட்டைப் பார்க்கப் போனபோதுதான் இவளையே பார்த்தேன். ஏணியில் ஏறி, மேல்தட்டுத் துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அந்த லிஃப்ட் அடிக்கடி பழுதானது. நான்தான் அடிக்கடி போய்ச் சரி செய்தேன். மேலே கேட்காதீர்கள்.

“கடைக்கு எப்படிப் போவேன்?”

“நடந்து.”

“அப்புறம் நீங்க என்ன பண்ணீங்க?”

“ஸ்கூட்டர் வாங்கி, நானே கொண்டுபோய் விட்டேன்.” பெருமையாகத்தான் சொன்னேன்.

“கையால துணி துவைச்சிட்டிருந்தேன். அதுக்கு?”

“மெஷின் வாங்கிக் கொடுத்தேன்.”

“பழைய வீட்டுல படியேறிப் போவோம்.”

“லிஃப்ட் இருக்கிற வீடா பார்த்தேன்.”

“நின்னுக்கிட்டே பார்க்கிற வேலை எதுக்குன்னு சொல்லி?”

“சூப்பர் மார்க்கெட்ல பில் போடற வேலைக்கு அனுப்பினேன். உட்கார்ந்த இடத்துலயே...” என் குரல் தானாக இறங்கியது.

“ஆகக்கூடி இது கொழுப்பு இல்லைங்க. நீங்க பண்ணிக் கொடுத்த வசதி. எங்கேயும் போகாம உடம்புலயே பத்திரமா சேர்த்து வச்சிருக்கேன்.”

நான் பேச்சை மாற்றினேன். “சாப்பாட்டைக் கொஞ்சம் குறைச்சா?”

“என் தட்டுல இருக்கிறது கொஞ்சம்தான். குட்டி பாதி முட்டையை வைப்பா. நீங்க ‘உப்பு ஜாஸ்தி’ன்னு பாதி ரொட்டியை வைப்பீங்க. நேத்து மீந்தது ஃப்ரிட்ஜ்ல இருக்கும். கொட்டறதுக்கு மனசு வராது. இந்த வீட்டுல குப்பைக்கூடைக்கும் எனக்கும்தான் போட்டி. தினமும் நான்தான் ஜெயிக்கிறேன்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“சாயங்காலம் கொஞ்சம் நடந்துட்டு வரலாமே?”

“எப்போ? கடையிலேருந்து வந்ததும் அடுப்பு. அடுப்பை அணைச்சதும் குட்டியோட பாடம். பாடம் முடிஞ்சதும் பாத்திரம். தூக்கத்துல நடந்தாத்தான் உண்டு.”

எனக்கு வீரம் வந்துவிட்டது. “அடுப்பை நான் பார்த்துக்கறேன். நீ நட.”

“பாத்திரம்?”

“அதையும்தான்.”

“தட்டுல மீந்தா?”

“அது என் கவலை.”

மறுநாள் சாயங்காலமே மனைவி கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். துணைக்கு நர்ஸ் அக்கா. காலையில் கடைக்கும் நடந்தே போனாள். குட்டியைப் பள்ளிக்கூடத்தில் விடுவது என் தலையில் விழுந்தது. அடுப்பு ஏற்கெனவே விழுந்திருந்தது.

முதல் நாள் உருளைக்கிழங்கு வதக்கினேன். தட்டில் வைத்து, “உருளைக்கிழங்கு கறி ரெடி!” என்று கூவினேன்.

குட்டி குனிந்து பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். “அப்பா, இதுக்குச் சின்ன ‘ரி’யா, பெரிய ‘றி’யா?”

பாதிக்கு மேல் மிச்சம் வைத்துவிட்டாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு குப்பைக்கூடைக்கு முன்னால் போய் நின்றேன். கை கவிழமாட்டேன் என்றது. வெட்டியது நான். வெங்காயத்துக்கு அழுதது நான். சுட்டுக்கொண்ட விரல் என் விரல். இதைக் கொட்டுவதா? சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நானே தின்றுவிட்டேன். நின்றுகொண்டே தின்றதால் அது சாப்பாட்டில் சேர்த்தியில்லை என்று தோன்றியது. அவளுக்கும் இத்தனை வருஷமாக அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும்.

பிறகு அது பழக்கமாகிவிட்டது. குட்டி வைத்த ரொட்டி, மனைவி வேண்டாமென்று ஒதுக்கிய வெண்ணெய், நேற்றைய சூப், முந்தாநாள் கேக். குப்பைக்கூடை பட்டினி கிடந்தது.

ஒருநாள் சாயங்காலம் பால்கனிக்கு வந்தேன். கீழே மனைவியும் நர்ஸ் அக்காவும் கட்டடத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். அக்கா ஏதோ சொல்ல, இவள் நின்று, இடுப்பில் கை வைத்து, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்துப் பல காலமாகிவிட்டது. பார்த்துக்கொண்டே நின்றேன். உள்ளே பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. வழிந்தால் வழியட்டும் என்றிருந்தது. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

லிஃப்ட்டில் ஒரு பக்கம் பெட்டி தொங்கும், மறுபக்கம் இரும்புப் பாளம் தொங்கும். ஒன்று இறங்கினால் மற்றது ஏறும். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. அவள் இறங்கினாள். நான் ஏறினேன். நான் யாருக்கும் இளைத்தவன் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். இப்போது சொல்லவே வேண்டியதில்லை, பார்த்தாலே தெரிந்தது.

ஒரு ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் கூரையிலுள்ள சதுர மூடியைத் திறந்து மேலே ஏறினேன். தலை போயிற்று. தோள் போயிற்று. இடுப்பு போகவில்லை. கீழே என் கால்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. வாட்ச்மேன் ஓடிவந்து பிடித்து இழுத்தார்.

“சார், லிஃப்ட் மாட்டிக்கிட்டா உங்களைக் கூப்பிடறோம். நீங்களே மாட்டிக்கிட்டா யாரைக் கூப்பிடறது?”

அந்த வாரம்தான் மனைவி தன் அம்மாவோடு போனில் முகம் பார்த்துப் பேசினாள். என் மாமியார் கல்லூரி விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ‘ம்’ என்றால் விளக்கு அணையும்.

“என்னடி இது, கன்னத்தைக் காணோம்?”

“இளைச்சிருக்கேம்மா.”

“ஏன்?”

“எல்லாம் அவராலதான்.”

நான் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாராட்டு வரப்போகிறது.

“சாப்பாடு?”

“அவர்தாம்மா போடறார். அவர் என்ன போடறாரோ, அதைத்தான் சாப்பிடறேன்.”

ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். ஆனால் கேட்கிறவர் காதில் எப்படி விழும்?

“மாப்பிள்ளையைக் காட்டு.”

மனைவி போனைத் திருப்பினாள். அந்த நேரம் பார்த்து, குட்டி மிச்சம் வைத்த கேக் என் வாயில் இருந்தது. இரண்டு பக்கமும் உப்பலாக. வணக்கம் சொல்ல வாய் திறக்கவில்லை.

அத்தை கொஞ்ச நேரம் பார்த்தார். “காணாமப் போன கன்னம் எங்க இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு” என்றார். போனை வைத்துவிட்டார்.

இங்கே உங்களுக்கு ஒன்று விளக்க வேண்டும். என் மாமியார் வீட்டில் மாப்பிள்ளைகளை அளப்பது சம்பளத்தை வைத்தோ குணத்தை வைத்தோ அல்ல. பெண்ணின் கன்னத்தை வைத்து. கல்யாணமான மறுவருஷம் என் மனைவி பூசினாற்போல் ஆனதும், “மாப்பிள்ளை என் பொண்ணை நல்லா வச்சிருக்கார்” என்று அத்தை உறவு முழுக்கச் சொன்னார். அவள் ஏற ஏற என் மதிப்பும் ஏறியது. என் சகலைக்கு நல்ல உத்தியோகம், தங்கமான மனுஷன். ஆனால் கொழுந்தியாள் ஒல்லி. பாவம், அந்த வீட்டில் அவருக்கு இரண்டாவது காபி கிடையாது.

மறுநாள் காலை அத்தை பெட்டியோடு வந்து இறங்கினார். பெட்டி பெரிதாக இருந்தது. சின்னப் பெட்டியாக இருந்தால் விசாரணை. பெரிய பெட்டி என்றால் தண்டனை.

மகளை முதலில் நர்ஸ் அக்கா வீட்டு எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தார். என்னையும் ஏறச் சொல்வாரோ என்று நான் வேலைக்கு ஓடிவிட்டேன். சாயங்காலம் பிடித்துக்கொண்டார்.

“சொல்லுங்க மாப்பிள்ளை.”

“அவ தினமும் நடக்கறா அத்தை. அதான் இளைச்சிருக்கா.”

“ஏன், ஸ்கூட்டர் என்னாச்சு?”

“இருக்கு.”

“யார்கிட்ட?”

“என்கிட்டதான்.”

“ம்.”

“கடைக்கு மட்டுமில்ல, சாயங்காலமும் போய் நடக்கறா.”

“வீட்டுல இருக்கப் பிடிக்கலையாக்கும்.”

“ஐயோ, இல்ல அத்தை. மீந்த சாப்பாட்டையெல்லாம் நானே சாப்பிட்டுடறேன். அவளுக்குன்னு எதுவுமே வைக்கறதில்ல!”

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியம் என் காதில் விழுந்தது.

மனைவி ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். “விடும்மா. அவரை ஒண்ணும் சொல்லாதே” என்றாள். நெருப்புக்கு விசிறி வீசுகிற மாதிரி அவ்வளவு இதமாகச் சொன்னாள்.

அத்தை தீர்ப்புச் சொன்னார். “என் பொண்ணு பழைய கன்னத்துக்கு வர்ற வரைக்கும் நான் இங்கேயிருந்து நகரமாட்டேன்.”

அடுப்பு அவர் கைக்குப் போயிற்று. படுக்கையறை அவருக்கும் மகளுக்கும் பேத்திக்கும் போயிற்று. எனக்கு ஹால் சோபா. படுத்தால் முழங்காலுக்குக் கீழே வெளியே நிற்கும். உடம்பில் எடை கூடியவனுக்கு வீட்டில் இடம் குறைந்துவிட்டது.

பொறுத்துப் பார்த்தேன். மனைவியின் கன்னம் திரும்பி வருகிற வழியாக இல்லை. அம்மா தட்டில் குவிப்பார். இவள் இரண்டு வாய் தின்றுவிட்டு, “நர்ஸ் அக்காவுக்கு உன் சமையல்னா உயிரும்மா” என்று மீதியை டப்பாவில் போட்டு எதிர்வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். அப்புறம் ஷூவை மாட்டிக்கொண்டு நடக்கப் போய்விடுவாள். இந்த வேகத்தில் அத்தைக்கு இங்கேயே ஓட்டுரிமை கிடைத்துவிடும்.

அப்போதுதான் என் மூளைக்குள் விளக்கு எரிந்தது. கன்னம் ஏறாவிட்டால் என்ன? முள் ஏறினால் போதுமே!

நர்ஸ் அக்காவிடம் போனேன். “அக்கா, உங்க எடை மெஷின் கிறீச்சுங்குது. கொடுங்க, எண்ணெய் போட்டுத் தர்றேன்.”

“அதுபாட்டுக்கு நல்லாத்தானே இருக்கு?”

“உங்களுக்குத் தெரியாது அக்கா. மெக்கானிக் காதுக்குக் கேட்கும்.”

பழைய காலத்து மெஷின். வட்டத்துக்குள் முள் ஓடுகிற ரகம். பின்பக்கம் ஒரு சின்னத் திருகு உண்டு; முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துவதற்கு. அன்று மத்தியானம் மனைவி கடையில். அத்தை குட்டியை அழைத்துவரப் பள்ளிக்கூடம் போயிருந்தார். நான் ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து திருகைக் கொஞ்சம் திருப்பினேன். அதிகமாகத் திருப்பவில்லை. தாய்மனசு குளிர்கிற அளவுக்குத்தான். ஆள் ஏறாமலே முள் கொஞ்சம் முன்னால் நின்றது. அதனாலென்ன? அத்தை கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் ஆள் ஏறிவிடும்.

சாயங்காலம் நானே பேச்சை எடுத்தேன். “அத்தை, உங்க கைச்சாப்பாடு எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துடுவோமா?”

மனைவி மறுபேச்சில்லாமல் வந்து ஏறினாள். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“அட! ஏறியிருக்கே!”

“உங்க கைப்பக்குவம்தான் அத்தை.”

“கன்னத்துல தெரியலையே?”

“முதல்ல முள்ளுல தெரியும். அப்புறம்தான் கன்னத்துக்கு வரும்” என்றேன். அறிவியல் அப்படித்தான் சொல்கிறதா என்று எனக்குத் தெரியாது.

அத்தை நிமிர்ந்தார். முகத்தில் நிம்மதி. “அப்போ சரி. நான் நாளைக்குக் கிளம்பறேன். வீட்டைப் பூட்டிப் போட்டுட்டு வந்தது.”

என் காதில் பஸ் ஹாரன் ஒலித்தது. சோபாவைப் பார்த்து மனசுக்குள் கையசைத்தேன்.

மனைவி இறங்கினாள். “இருங்க, இங்க தரை சமமா இல்லை” என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு போய், ஜன்னலோரமாக, எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து வைத்தாள். காலால் தட்டிச் சரி செய்தாள். “என்னங்க, நீங்களும் ஒரு தடவை ஏறுங்களேன். அம்மா ஊருக்குப் போற நேரத்துல உங்களையும் பார்த்துட்டுப் போகட்டும்.”

“எனக்கெதுக்கு?”

“ஏறுங்க மாப்பிள்ளை” என்றார் அத்தை. வார்டன் குரல். ஏறிவிட்டேன்.

முள் ஓடியது. ஓட்டமா அது? கயிறறுந்த லிஃப்ட் மாதிரி ஓடியது. வட்டத்தில் எண்கள் முடிகிற இடத்துக்குக் கிட்டப் போய், நடுங்கி, நின்றது. நான் திருப்பி வைத்ததை மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். கழித்த பிறகும் அது ஒரு தனிமனிதனின் எடை இல்லை.

அத்தை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “என்ன மாப்பிள்ளை இது!”

சத்தம் கேட்டு நர்ஸ் அக்கா வந்தார். பார்த்தார். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்க ஆரம்பித்தார். “தம்பி, மாரு வலிக்குதா?”

வலித்தது. ஆனால் அந்த வலி இல்லை.

மெஷின் தப்பு என்று சொல்லலாம். சொன்னால் மனைவிக்கு ஏறியதும் தப்பாகிவிடும், அத்தை போகமாட்டார். மெஷின் சரி என்று சொல்லலாம். சொன்னால் நான் சாகக் கிடக்கிறேன், அத்தை போகமாட்டார். லிஃப்ட்டில் இதுவரை எத்தனையோ பேரை மீட்டிருக்கிறேன். இந்த மாதிரி இரண்டு மாடிக்கு நடுவில் யாரும் மாட்டிக்கொண்டதில்லை.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே கலங்கியிருந்தார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. “பொண்ணைப் பார்த்தேனே தவிர, உங்களைக் கவனிக்காம விட்டுட்டேன். அவ தேறிட்டா. உங்களைத் தேத்தாம நான் எப்படி ஊருக்குப் போவேன்?”

பெட்டியைத் திறந்து, அதிலேயே இருந்த மிச்சப் புடவைகளையும் எடுத்து அலமாரியில் அடுக்கினார்.

அன்றிலிருந்து காலையில் நடக்கிறேன். முன்னால் அத்தை, பின்னால் நர்ஸ் அக்கா, நடுவில் நான். கைதி மாதிரி. மேல்வீட்டு வக்கீல் பார்த்துவிட்டு, “ஜாமீன் வேணும்னா சொல்லுங்க சார்” என்கிறார். மதியம் வேகவைத்த காய். இரவும் வேகவைத்த காய். குட்டி மிச்சம் வைப்பதை அத்தை என் கண்ணெதிரே நேராகக் குப்பைக்கூடையில் கொட்டுகிறார். மனைவி கடையிலிருந்து வருகிறாள். சூடாகக் காபி கையில் வருகிறது. குடித்துவிட்டு நடக்கப் போகிறாள். திரும்பினால் சாப்பாடு தயார். அப்புறம் பால்கனியில் உட்கார்ந்து வாரப் பத்திரிகை படிக்கிறாள். கல்யாணமானதிலிருந்து அவள் உட்கார்ந்து ஒரு பத்திரிகையை முழுசாகப் படித்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் எனக்குத் தாங்கவில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோபப்படக் கூடாது.”

“சொல்லுங்க.”

“அந்த எடை மெஷின்ல முள்ளைத் திருப்பி வச்சது நான்தான்.”

அவள் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தெரியும். அன்னிக்குத் தலைவலின்னு கடையிலேருந்து சீக்கிரமே வந்துட்டேன். நீங்க நாக்கைக் கடிச்சுக்கிட்டுத் திருகிட்டிருந்தீங்க. தொந்தரவு பண்ண வேண்டாம்னு நர்ஸ் அக்கா வீட்டுக்குப் போய்ட்டேன்.”

“அடிப்பாவி! அப்போ அம்மாகிட்ட ஏன் சொல்லலை?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன்” என்று பக்கத்தைத் திருப்பினாள். “அதுக்குள்ள அம்மா ஊருக்குக் கிளம்பறேன்னுட்டாங்களா, சரி, நீங்க ஏறறதுக்கு முன்னாடி நானும் நாலு திருகு திருகிட்டேன்.”